நான் முழுமையாக்கிய அறிக்கை

இந்த நிகழ்ச்சிக்கு முன்பே எனக்கு ஒரு மதிப்பு இருந்தது என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். கிள்ளான் ரயில்வே குவாட்டர்ஸில் ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதக்கூடிய சிறுவன் நான் ஒருவனே. பின்னாளில் பெற்ற கல்லூரிப் பட்டம் அதை உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான்.

யார், என்ன செய்தார் என்ற இரண்டுக்கும் விடை இருந்தால்தான் முழு வாக்கியம், இல்லையேல் அது வெறும் துண்டு என்று ஆறாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை கற்பித்தார். அன்று முதல் கண்ணில் பட்ட அறிவிப்புப் பலகைகளையெல்லாம் குறை கூறினேன். தாய்மாமா சிரித்தார்.

"கடையில 'தே ஓ ஒன்னு'ன்னுதான் கேக்குறேன். அதுவும் துண்டுதானே வாத்தியாரே? டீ மட்டும் முழுசா வருதுலா!"

அப்பாவும் மாமாவும் ஒரே ரயில் கேட்டில் வேலை பார்த்தார்கள். அறிக்கை எழுதுவது மூத்தவரான அப்பாவின் பொறுப்பு. அவர் கிறுக்கித் தருவதை நான் அழகாகப் பிரதியெடுப்பேன். அவர் படித்துப் பாராமலே கையெழுத்திடுவார்.

ஒரு மாலை கேட் மூடத் தாமதமாகி, ஒரு லோரியின் பின்புறத்தை ரயில் உரசிச் சென்றது. அப்பா ஆங்கிலத்தில் எழுதித் தந்தவை மூன்றே வரிகள்: கேட் தாமதம். லோரி உரசல். காயம் இல்லை. மூன்றும் துண்டுகள். கேட்டை மூட வேண்டியவர் யாரென்று அம்மாவிடம் கேட்டேன்.

"உங்க மாமாதான் டியூட்டி. டீ குடிக்கப் போயிட்டான். ஏன்டா கேக்குற?"

"பாடத்துக்கு" என்றேன்.

மாமாவின் முழுப் பெயரை எழுவாயாக்கி, டீக்கடையையும் சேர்த்து, அறிக்கையை முழுமையாக்கினேன். அப்பா கையெழுத்திட்டார். அந்தக் கேட்டில் நடந்ததை எழுதுவார்களே தவிர ஆளை எழுதமாட்டார்கள். ஏச்சு விழுந்தால் எல்லாரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்த வழக்கம் அப்போது எனக்குத் தெரியாது.

மறுவாரம் மாமாவுக்கு வேலை போயிற்று. ஜெஞ்சாரோமில் எண்ணெய்ப்பனைத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை வெட்டும் வேலைக்குப் புறப்பட்ட அன்று வாசலில் நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வேலைய விட்டிருப்பேன் மச்சான்."

அப்பா என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து போட்டது நான்தான்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அறிக்கைகளை அவரே பிரதியெடுத்தார். என் படிப்புச் சுமையைக் குறைக்கிறார் என்று நினைத்தேன். என் பள்ளிக்கு அவர் எழுதிய ஆங்கிலக் கடிதங்களில் ஒரு துண்டு வாக்கியமும் இருந்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சென்ற மாதம் சுபாங் ஜெயாவில் ஒரு கல்யாண வீட்டிலும், அப்பா மைத்துனரைக் காட்டிக்கொடுத்தார் என்றே உறவினர் பேசிக்கொண்டார்கள். அது தவறு. மாமாவின் பெயரை அறிக்கையில் எழுதியவன் நான்.