டீயோடு விழுங்கிய மாத்திரைகள்

“…மாத்திரையும் பொய், முருங்கைக்கீரையும் பொய், ஏறும் ஏறும்னு சொன்ன நீங்களும் பொய். இனிமே நான் இங்கிட்டு வரமாட்டேங்க. என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க” என்றாள் என் மனைவி.

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரி ஒன்றில், ரத்தம் பார்க்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சீட்டு அவள் மடியில் கிடந்தது. ரத்தத்தின் அளவு ஏழு என்று போட்டிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் பார்த்தபோதும் ஏழுதான். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் அவளுக்கு உதிரம் நிற்பதில்லை. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் ரத்தம் குறைந்தது பத்து இருந்தால்தான் கத்தி வைக்க முடியும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை தேதி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இது மூன்றாவது. வரமாட்டேன் என்று அவள் சொன்னதில் கோபமே இல்லை. கோபப்படவும் கொஞ்சம் ரத்தம் வேண்டியிருக்கிறது போல.

நான் டீக்கடைக்காரன். குளத்தூர் போகிற ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் கடை. பாய்லர் பக்கம் நான், வடைச்சட்டிப் பக்கம் அவள், இருபது வருடமாக இப்படித்தான் நிற்கிறோம். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்கு மேல் படித்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் பேச்சில்தான். ஒருவர் சொன்ன நல்ல பேச்சை இன்னொருவருக்குச் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். ஆவூரிலிருந்து வரும் வாத்தியார் ஒருவர், “ஒன் டீயக் குடிச்சா லீவு போட்டவனும் ஸ்கூலுக்கு வந்துருவான்யா” என்பார். டவுன் பஸ் கண்டக்டர் அதற்கும் ஒரு படி மேலே போய், இவரு டீயை டேங்க்கில் ஊற்றினால் வண்டி டீசல் கேட்காது என்பார். சொன்னவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நம்பியவன் நான்தான்.

அவள் நாலு மணிக்கு எழுந்து பருப்பு அரைப்பாள். சோறு என்று ஒன்று அவள் வாயில் விழ மத்தியானம் மூன்றாகிவிடும். அதுவரைக்கும் டீதான். மாவு அரைத்ததும் அரை கிளாஸ், முதல் ஈடு வடை எடுத்ததும் அரை கிளாஸ், பஸ் கூட்டம் கலைந்ததும் ஒரு முழு கிளாஸ். சோறு தின்று கை கழுவி வருவதற்குள் நானே ஒன்று போட்டு நீட்டுவேன். அசதியாக இருக்கிறது என்பாள். அசதிக்கு எங்கள் கடையில் என்ன மருந்து இருக்கிறது? இன்னொரு கிளாஸ் போடுவேன்.

உடம்பு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறது. வீட்டில் அரிசி வாளியைத் திறந்து பச்சையாக அள்ளி மெல்லுவாள். இந்த வயதில் மசக்கையா என்று கேலி செய்தேன். கடைக்கு இரண்டே படி. அதில் ஏறிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி ஒரு நாள் அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, “என்னக்கா திடீர்னு இப்புடிக் கலராயிட்டீங்க? என்ன கிரீம் போடுறீங்கன்னு எங்களுக்கும் சொல்றது” என்றாள். ரத்தமில்லாமல் வெளுத்ததை நாங்கள் எல்லோரும் நிறம் கூடியதாக எடுத்துக்கொண்டோம். அன்று சாயங்காலம் அவள் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். சந்தோஷமாகத்தான் நின்றாள்.

கட்டி என்று தெரிந்த பிறகு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்தத் துரு வாசனை அவளுக்கு ஆகவில்லை. தண்ணீரில் விழுங்கினால் குடலைப் பிரட்டிக்கொண்டு வரும். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் இஞ்சியைத் தட்டிப்போட்டு, டிக்காஷனைத் தூக்கலாக விட்டு, ஒரு டீ போட்டு மாத்திரையோடு கையில் கொடுத்தேன். சுகமாக இறங்கிவிட்டது. அப்படி ஒரு பெருமை எனக்கு. அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு ஒரு மாத்திரை, ஒரு இஞ்சி டீ. ஐந்து மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை. கடைக்கு வருகிறவர்களில் அதே மாத்திரை சாப்பிடும் பெண்கள் மூன்று பேருக்கும் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி.

போன வாரம் வடைச்சட்டி முன்னாலேயே கண் இருட்டிச் சரிந்தாள். நல்லவேளை, சுவர்ப் பக்கம் சரிந்தாள். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவள்தான் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டுக்குக் கூட்டிப் போ என்கிறாள். வீட்டில் என்ன இருக்கிறது? கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போகிறவளை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் இருக்கிறது. மாத்திரை வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன். ஒரு ஓரமாக நின்று அழுதுவிட்டு வரலாம் என்ற எண்ணம். ஆனால் அங்கே ஓரம் எங்கே இருக்கிறது? எல்லா இடத்திலும் வரிசை.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த அம்மா சீட்டைப் பார்த்தார். பழைய சீட்டையும் வாங்கிப் பார்த்தார்.

“மாத்திரையை ஒழுங்கா சாப்புடுறாங்களாண்ணே?”

“ஒரு நாள் விட்டதில்லம்மா.”

“எதுல முழுங்குறாங்க?”

“டீயிலதாம்மா” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இஞ்சி தட்டிப்போட்டு நானே என் கையால் போட்டுக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் கையில் எடுத்த மாத்திரை அட்டை அப்படியே நின்றது. பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது, இருந்தும் எனக்காக நிதானமாகச் சொன்னார். டீயில் இருக்கிற துவர்ப்பு அந்த இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளுமாம், உடம்பில் சேர விடாதாம். மாத்திரைக்கு மட்டுமில்லை, கீரைக்கும் சோற்றுக்கும் அதே கதைதானாம். “டீ மட்டுமே காரணம்னு நான் சொல்லலண்ணே. கட்டியில ரத்தம் போகுதுல்ல, அதுதான் பெருசு. ஆனா போறது போக, உள்ள வர்றதையும் இது மறிக்குது. மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் டீயே கூடாது. எலுமிச்சஞ்சாறுல குடுங்க, நல்லா சேரும்.” முதல் தடவையே இதைச் சொல்லியிருப்பாங்களே என்றார். சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் எங்கள் காதில் விழவில்லை.

ஜன்னலிலிருந்து பெஞ்சுக்கு இருபது அடி இருக்கும். மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். ஐந்து மாதம். நூற்றைம்பது இஞ்சி டீ. அந்த மூன்று பெண்களின் முகமும் வந்து போனது. இவளிடம் சொல்லாமல் நாளையிலிருந்து எலுமிச்சையில் கொடுத்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். ஆனால் எல்லாமே பொய் என்று ஆகிவிட்டவள் இனி எதில் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். ஏன் ஏறவில்லை என்பது தெரிந்தாக வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை பொய்யில்லை புள்ள, நான்தான் அதை ஒட்ட விடவில்லை என்றேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெகுநேரம் என் கையையே பார்த்தாள். டிக்காஷன் கறை ஏறிப்போன விரல்கள்.

“அம்புட்டு வீரியமா ஒங்க டீ” என்றாள்.

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

“காலைல டீ எத்தன மணிக்குக் குடிச்சேன்?”

“அஞ்சரைக்கு. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி.”

“இப்ப மணி என்ன?”

“பன்னெண்டாகப் போகுது.”

அவள் என் சட்டைப்பையில் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்தாள். விரலில் வலுவில்லை. இரண்டு முறை அழுத்திய பிறகுதான் ஒன்று வெளியே வந்தது. இரு, தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று நான் எழுவதற்குள் அதை வாயில் போட்டு வெறும் எச்சிலோடு விழுங்கிவிட்டு, அது மேலே வந்துவிடாதபடி முந்தானையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.