எரிய விட்டு வந்த விளக்கு

போலீஸ் வண்டியின் ஒலிபெருக்கி எங்கள் பெர்லின் தெருவுக்குள் நுழைந்தபோது, என் உடம்பு திருவண்ணாமலையில்தான் திடுக்கிட்டது. சொற்கள் ஜெர்மன். கரகரப்பு மட்டும் எங்கள் ஊர் மைக் கட்டிய ஆட்டோவுடையது. போன கார்த்திகை மழையில், நான் விடுமுறைக்கு ஊர் போயிருந்தபோது, கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஏறும் எங்கள் சந்துக்குள் அந்த ஆட்டோ வந்து, பாறை உருளலாம், உடனே வெளியேறுங்கள் என்றது. இங்கே பயம் மேலிருந்து வரவில்லை. தெருமுனையில் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளத்தில், உலகப்போரில் விமானம் போட்டுவிட்டுப் போன குண்டு ஒன்று வெடிக்காமல் கிடக்கிறது. அதைச் செயலிழக்க வைக்கும்வரை எவரும் வீட்டில் இருக்கக் கூடாது.

யாரும் பதறவில்லை. பூனைக்கூடை, மாத்திரை டப்பா, ஃபிளாஸ்க். மழைக்குக் குடை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எனக்குத்தான் சாவி பூட்டில் நுழையவில்லை. நகரை இரண்டாகப் பிரித்த பழைய மதில் ஓடிய தடத்தைச் சாலையில் கல் பதித்துக் காட்டுகிற நகரம் இது. போரை மட்டும் மண் இன்னும் வயிற்றில் வைத்திருக்கிறது. எங்கள் ஊர் மட்டும் என்ன? நவாபு காலத்துச் சண்டைகளில் கோயிலே கோட்டையாக இருந்தது. பீரங்கிக்கு நெஞ்சு காட்டிய அந்தக் கோயில் மதிலோரம்தான் இன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம்.

ஆட்டோ வந்த அன்று அக்கா கிளம்பவில்லை. மேலே எங்கேயோ கல் நகர்ந்த சத்தத்தில் ஓட்டு வீடு முழுக்க அதிர, அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சாமியே மலையா நிக்குது. அது நம்ம மேல உழுமா?"

"அடுத்த சந்துல உழுந்துதேக்கா!"

"டேய், இது பட்டா இல்லாத எடம். வெளிய போனா பூட்டு போட்டுட்டு, ஊருக்கு அந்தாண்ட ஒரு ரூம்ல தள்ளிடுவாங்க. அங்கேந்து நான் தெனம் வந்து இட்லிக் கடை போடறதா? நீதான் ஃபிளைட் ஏறிப் போயிட்ட. ஊர விட்டுப் போறது ஒனக்குப் பழக்கம்."

அந்தக் கடைசி வரியோடுதான் நான் திரும்ப விமானம் ஏறினேன்.

இங்கே எங்களை உட்காரவைத்த பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில், மாடி வீட்டு ஹெல்கா அம்மையார் பக்கத்தில் இருந்தார். அக்காவிடமிருந்து காலையிலேயே செய்தி வந்திருந்தது: மழை ஜாஸ்தி, ஆட்டோ திரும்ப வந்திருக்கிறது. கிளம்பும்போது, இங்கே குண்டு என்று நானும் பதில் போட்டிருந்தேன். நான் போனையே திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்டு அவர் காரணம் கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், போலீஸ் சொல்லியும் என் அக்கா வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள் என்றேன். அவர் முஷ்டியை உயர்த்தினார். "பிராவோ! வரவே கூடாது!"

இளம் வயதில் அவரும் நண்பர்களும் இடிக்கவிருந்த காலி வீடு ஒன்றில் புகுந்து குடியேறியவர்கள். அப்படிக் கதவைத் திறக்க மறுத்தவர்களால்தான் இந்தப் பக்கத்துத் தெருக்கள் பல இன்றும் நிற்கின்றன. நான் மலையைச் சொன்னேன், மழையில் இளகிய பாறைகளைச் சொன்னேன். முஷ்டி மெல்ல மடியில் இறங்கியது.

"அப்படியானால் வெளியே வரச் சொல். ஆனால் ஜன்னல் இருட்டாக இருக்கக் கூடாது. ரொட்டி வாங்கப் போனால்கூட நாங்கள் விளக்கை அணைத்ததில்லை. வெளிச்சம் இருந்தால் ஆள் இருக்கிறதென்று அர்த்தம்."

பாறையிடமும் பூட்டிடமும் அந்த வெளிச்சம் செல்லுபடியாகுமா? தெரியாது. அங்கே பொழுது சாயும் நேரம். அழைத்தேன். மழை இரைச்சலுக்குள் அக்கா.

"அக்கா, வெளக்க எரிய விட்டுட்டு கெளம்பு. வீடு காலியில்லன்னு தெரியட்டும்."

"கரண்ட் எங்கடா இருக்கு?"

"அகல் ஏத்து."

"யாரு குடுத்த ஐடியா இது?"

"இங்க ஒரு அம்மா. அவங்களும் வீட்ட விடாதவங்கதான்."

மழைக்கு நடுவே தீக்குச்சி உரசும் சத்தம். ஒன்று நமுத்துப்போனது, இன்னொன்று பிடித்தது.

"நீ வெளிய வந்துட்டியாடா?"

"வந்துட்டேன். என் வீட்லயும் லைட்டு எரியுது." உண்மைதான். பதற்றத்தில் அணைக்க மறந்திருந்தேன்.

கதவுத் தாழ்ப்பாள் சத்தம். படியில் தண்ணீர். அப்புறம், தூரத்தில், ஒரு உறுமல். இடியா, மலையா?

"திரும்பிப் பாக்காத அக்கா. நட."

"பாத்துட்டேன்டா. எரியுது. வெச்சிடறேன்."