பம்பரத்தின் வலது காது

பாதி குடித்த டீயை மெக்கானிக் என் காரின் கூரைமேல் வைத்துவிட்டுப் போய், பக்கத்து வண்டியின் டயரை ஒரு உதை உதைத்து, சுவரில் தொங்கும் ஸ்பேனர்களை வரிசை மாற்றி மாட்டி, திரும்பி வந்து டீ எங்கே என்று தேடினார். கூரையைக் காட்டினேன். ஒரு மிடறு குடித்துவிட்டுத் தம்ளரை இந்த முறை பேட்டரிமேல் வைத்தார்.

ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி. சட்டைப் பையில் நான்கு ஃப்யூஸ்களும் ஒரு சீப்பும் இருக்கும். தலையில் சீவ அதிகம் ஒன்றும் இல்லை. சீப்பு, ரேடியேட்டர் இடுக்கில் சிக்கிய இலைதழையை எடுக்க. ஒர்க்‌ஷாப்பில் நல்ல நாற்காலி ஒன்று உண்டு. அவர் அதில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. தெருவே அவரைப் பம்பரம் என்கிறது, அவரும் கோபித்துக்கொள்வதில்லை. "சுத்துற வரைக்கும்தான் சார் பம்பரம். நின்னா வெறும் கட்டை" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பாதி, அவர் தங்கைக்குப் பாதி. நாற்பத்தைந்தைத் தாண்டிய அந்த அம்மாளை வருகிறவர்கள் எல்லாம் மேடம் என்கிறார்கள். அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் தங்கையின் இலாகா, அண்ணனுக்குக் காதுதான் மூலதனம். ஓடும் இன்ஜினில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். நாள் முழுக்க அவர் அசையாமல் நிற்பது அந்த அரை நிமிடம்தான்.

"டிக் டிக்னு சொல்லணும் சார். நாலு சிலிண்டருக்கு நாலு, நாலும் ஒரே மாதிரி சொல்லணும். எது முணுமுணுக்குதோ அதுதான் திருடன்."

போன வாரம் என் கார் சிக்னலில் நின்றாலே குளிர் ஜுரம் வந்தாற்போல் நடுங்கியது. பம்பரம் காது வைத்துக் கேட்டார். "ரெண்டாவது" என்றார். எதற்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கலாமே என்று தங்கை சொன்னதற்கு, "எனக்கே பாடமா?" என்று கேட்டுவிட்டுப் புது இன்ஜெக்டரைப் போட்டு அனுப்பினார். மறுநாள் இன்ஜின் சூடேறியதும் அதே நடுக்கம். இருபத்தைந்து வருஷத்தில் அவர் காது சொன்னது தப்பாகி வண்டி திரும்பி வந்தது இதுதான் முதல் தடவையாம்.

இன்று காலையிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டார். முதலில் ரெண்டாவது என்றார், பிறகு நாலாவது என்றார். கம்ப்ரஸர் சத்தம் என்று அதை நிறுத்தினார். தெருச்சத்தம் என்று ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு தங்கை உள்ளறையில் இருப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டு, கைப்பிடியை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார். நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"வலது பக்கம் லேசா அடைப்பு சார். குளிக்கும்போது தண்ணி பூந்திருக்கும்."

"எப்ப குளிச்சது?"

"ஒரு ஆறு மாசம் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. "பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. காது போயிடுச்சுன்னா நான் எதுக்கு சார் இங்க? நட்டு கழட்டவா?" என்று கேட்டவர், என் பதிலுக்கு நிற்காமல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

தங்கை ஸ்கேனரோடு வந்து மாட்டினாள். மூன்றாவது சிலிண்டர் என்று காட்டியது.

"மிஷின் ஆயிரம் சொல்லும்" என்றார் பம்பரம்.

"சரி, மிஷினும் வேணாம், காதும் வேணாம். மூணாவதைக் கழட்டி ஒண்ணுல போடு, ஒண்ணை மூணுல போடு. கோளாறு கூடவே போச்சுன்னா இன்ஜெக்டர்தான். போகலன்னா வேற எங்கயோ" என்றாள் தங்கை.

பம்பரம் குனிந்தார். பெட்ரோல் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, குழாயில் இருக்கும் அழுத்தம் தீர்ந்து இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டார். பேட்டரி வயரைக் கழற்றினார். இன்ஜெக்டர்களைத் திருகாமல், ஆட்டாமல், நேராக உருவினார். புது ரப்பர் வளையங்களில் விரல்நுனியால் ஆயில் தடவி இடம் மாற்றி உட்காரவைத்தார். அந்தக் கைகளுக்குச் சந்தேகம் என்பதே இல்லை. எல்லாவற்றையும் மாட்டி, சாவியை இருமுறை திருப்பி வைத்துக் குழாயில் மறுபடி அழுத்தம் ஏற்றி, எங்காவது பெட்ரோல் கசிகிறதா என்று மூக்கை வைத்துப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தார்.

இன்ஜின் சூடேற நாங்கள் காத்திருந்தோம். நடுக்கம் வந்தது. ஸ்கேனர் இப்போது ஒன்றாவது சிலிண்டர் என்றது. கோளாறு இன்ஜெக்டரின் பின்னாலேயே போயிருந்தது.

பம்பரத்தின் முகம் சுண்டிப்போனது. "அப்ப ரெண்டாவது பாவம் ஒண்ணும் பண்ணல" என்றார், என்னையும் பார்க்காமல், தங்கையையும் பார்க்காமல்.

கெட்டதை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டதும் இன்ஜின் பச்சைப்பிள்ளை தூங்குவதுபோல் ஓடியது. எப்போதும் இந்த இடத்தில் பானெட்டை மூடிவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடியிருப்பார். இன்று துணியில் கையைத் துடைத்தபடி அங்கேயே நின்றார். தங்கை அவருடைய வலப்பக்கம் வந்து நின்று கேட்டாள்.

"அண்ணா, கழட்டுன பழசை எங்க வச்ச?"

"ஆமா, ஆமா" என்றார், சிரித்துக்கொண்டே தலையாட்டி.

அவள் அண்ணனின் முகத்தையே பார்த்தாள். நான் காருக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். பம்பரத்தின் சிரிப்பு மெல்ல இறங்கியது. துணியைத் தோளில் போட்டார். தங்கையின் கையைப் பிடித்து, தன்னைச் சுற்றி அழைத்துவந்து, இடப்பக்கம் நிறுத்திக்கொண்டார்.

"இந்தப் பக்கம் நின்னு சொல்லு பாப்பா."