மாதா முகம் டைல்ஸில் நிற்கவில்லை

பக்கத்து வீட்டு அக்கா பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறார். புது வீட்டு வாசலுக்கு மாதா படம் கேட்டார். கேன்வாஸ் வேண்டாமாம், டைல்ஸில்தான் வேண்டுமாம். அக்ரிலிக் பெயிண்டில் வரைந்து கொடுத்தேன்.

இன்று காலை கூப்பிட்டார்.

"தம்பி, தூசியா இருக்குதேன்னு நாரு போட்டு தேச்சேன். மாதா மொகமே உரிஞ்சி வந்துடுச்சி!"

"கழுவக் கூடாதுக்கா. இது சூளையில வச்ச கலர் இல்ல."

"சூளையில வெக்காத கலர யாராச்சும் டைல்ஸுல போடுவாங்களா? சாயங்காலம் சர்ச்சு சாமியார் வூடு மந்திரிக்க வராருப்பா."

ஆயிலில் வரைந்தால் அதற்குள் காயாது. என்னிடம் ஒரு கேன்வாஸ் இருக்கிறது, அதில் அக்ரிலிக்கிலேயே வரைந்து தருகிறேன் என்றேன்.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அத எப்படி கழுவறது?"

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதில் தெரிந்தவர்கள் சாமியார் வருவதற்குள் சொல்லுங்கள்.