காந்திமதியின் ஐஸ் பெட்டி

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மயிலாப்பூர் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. கொளுத்துகிற வெயில். 'கரண்ட் வர சாயந்திரம் ஆகும் சார்' என்று லைன்மேன் சொன்னபோது எனக்கு ஃபேன் ஞாபகம் வரவில்லை... ஃப்ரிட்ஜில் இருந்த மூன்று மாத இன்சுலின்தான் ஞாபகம் வந்தது. முந்தின நாள்தான் வாங்கி அடுக்கியிருந்தேன்.

எதிர் ஃப்ளாட் டாக்டர் காந்திமதியிடம் புலம்பினேன். டாக்டர் என்றால் ஸ்டெதஸ்கோப் டாக்டர் இல்லை. அடையாறில் ஒரு ஆய்வுக்கூடத்தில் உயிர்வேதியியல் விஞ்ஞானியாக இருந்து ரிடையர் ஆனவர். உடம்புக்குள் நுழைகிற கிருமியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிறதே ஒரு புரதம் — ஆன்டிபாடி — அதோடுதான் அவருடைய முப்பது வருட வாழ்க்கை.

பத்து நிமிடத்தில் ஒரு தெர்மோகோல் பெட்டியும் ஒரு பை ஐஸுமாக வந்து நின்றார். மருந்தைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாமல் வைத்தார்.

"இது உறைஞ்சாலும் கெட்டுடும் சார். பெட்டியை வெயில் படாத இடத்துல வைங்க."

என் மனைவி மூக்கைச் சுருக்கினாள். பெட்டியில் மீன் வாசனை. "ஆத்துக்குள்ள வேண்டாமே... பால்கனியிலேயே இருக்கட்டும்" என்று என் காதில் கிசுகிசுத்தாள். பால்கனியில் அப்பளம் பொரிக்கலாம், அவ்வளவு வெயில்!

காந்திமதிக்குக் கேட்டுவிட்டது. கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மீன் பெட்டிதாம்மா. எங்கம்மா கடைசியா வியாபாரம் பண்ண பெட்டி."

அம்மா அஞ்சலை, ஊரூர் குப்பத்தில் மீன் விற்றவர். காந்திமதி வேலைக்குச் சேர்ந்தபோது படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினாராம். டிபனில் மீன் கொண்டுபோனதே இல்லை. அம்மாவை ஆய்வுக்கூடத்தின் கேட் பக்கம் வரவிட்டதும் இல்லை. ஏன்? உடன் வேலை பார்த்தவர்கள் மூக்கைச் சுருக்கிவிடுவார்களோ என்ற பயம்தான்.

அப்புறம் ஒரு புயல் மழை. ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தண்ணீரில் மூழ்கியது. ஃப்ரீஸரில் இருந்தது நாலு வருட உழைப்பு — எலிக்காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்காகச் சேர்த்த ஆன்டிபாடிகள். உருகினால் அத்தனையும் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். டெலிபோனும் வேலை செய்யவில்லை. முழங்கால் தண்ணீரில் குப்பத்துக்கு நடந்தாராம்.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? ஐஸ்தானே?" என்றாராம் அஞ்சலை. "கடலுக்குத்தான் யாரும் போவலியே. அம்மாம் ஐஸும் சும்மா கீது."

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் நாலு பெட்டி ஐஸ், ஒரு மூட்டை கல்லுப்பு. உப்பைக் கலந்தால் ஐஸின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பது மகளின் விஞ்ஞானம். அந்த மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது அம்மாவும் இரண்டு சித்திகளும்.

கேட்டில் ஆய்வுக்கூடத் தலைவர் நின்றிருந்தார். "யாரும்மா இவங்கள்லாம்?"

அந்த ஒரு நொடி இருக்கிறதே... முப்பது வருட வாழ்க்கையிலேயே கஷ்டமான நொடி அதுதான் என்றார் காந்திமதி.

"எங்கம்மா சார். மீன் விக்கிறாங்க."

தலைவர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாராம். இரண்டு நாள் ஐஸ் மாற்றி மாற்றிப் போட்டதில் ஒரு குழாயில்கூட ஆன்டிபாடி உருகவில்லை. அந்தப் பரிசோதனை பிற்பாடு எத்தனையோ பேரை நேரத்தில் காப்பாற்றியது. மறு வருடப் படிவத்தில் காந்திமதி 'மீன் வியாபாரம்' என்று திருத்தி எழுதினார்.

நாம் எதையெல்லாம் வெளியே தெரியாமல் ஒளித்து வைக்கிறோமோ, நெருக்கடியில் அதுதான் வண்டி கட்டிக்கொண்டு வருகிறது, இல்லையா?

கதை முடிந்ததும் என் மனைவி எழுந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் வீட்டில் வெயிலே எட்டிப் பார்க்காத இடம் ஒன்றுதான் உண்டு. இன்சுலின் சாயந்திரம் வரை பத்திரமாக அங்கேதான் இருந்தது — பூஜை அறையில்.

சாமி மூக்கைச் சுருக்கியதாகத் தெரியவில்லை.