மேடையில் ஒரு வெள்ளை நாய்

முக்கியமான சேதி எதையாவது நாம் சொன்னால் கார்லீன் நம் முகத்தைப் பார்க்கமாட்டாள். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு காதை மட்டும் மேலே தூக்கிக்கொள்வாள். மாடியிலிருந்து யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி இருக்கும். அமெரிக்காவின் டொலீடோ ஊரில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற இந்த பவுலிங் கூடத்தில், ஆட வருகிறவர்களுக்கு வாடகை ஷூ கொடுக்கும் மேசைக்குப் பின்னால் அவள் நிற்கிறாள். பக்கத்து அடுப்படியில் நான் உருளைக்கிழங்கு வறுக்கிறேன். வந்த புதிதில் அவள் அப்படிக் காதைத் தூக்குவது எனக்குத் திமிராகத்தான் பட்டது.

உயரம் இல்லை, ஆனால் நல்ல அகலம். தோள் மட்டும் சுமைதூக்குகிறவனுடையது. ஒவ்வொரு ஜோடி ஷூவுக்குள்ளும் மருந்தடித்து, மேசையில் ஒரு தட்டு தட்டி, "கடிச்சா வந்து சொல்லு, நடிக்காதே" என்று கொடுப்பாள். மேயரே வந்தாலும் அதே வாக்கியம்தான்.

எங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் எழுபதுகளில் ஏதாவது ஒரு ராக் கச்சேரிக்குப் போனவர்கள். போகாதவர்களும் போனதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஐஸ் ஹாக்கி ஆடும் பெரிய அரங்கத்தில், பனித்தரையின்மேல் பலகை பரப்பி, எங்களை மந்தையாக உள்ளே விடுவார்கள். கால் விறைக்கும், நெற்றி வியர்க்கும். முன்வரிசையில் நெட்டைப் பையன்கள் மரம் மாதிரி நிற்பார்கள். குட்டையான பெண்களுக்கு முதுகுகள்தான் கச்சேரி.

அதற்கு கார்லீனும் அவள் தோழி பெக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெக் ஊதினால் பறந்துவிடுகிற ஒல்லி. அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கார்லீன் நிற்பாள். பெக் மேலிருந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, இவள் கீழிருந்து கேட்பாள். பள்ளிக்கூடம் முடிகிறவரை போன கச்சேரி அத்தனையும் இப்படித்தான்.

அவற்றில் ஒரு பனிக்காலக் கச்சேரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் கை தானாக நின்றுவிடும். விளக்கெல்லாம் அணையும். இருட்டில் ஆயிரம் லைட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். டிரம் சத்தம் பலகை வழியாக உள்ளங்காலில் ஏறி வயிற்றில் வந்து உட்காரும். அப்போது மேலிருந்து பெக்கின் குரல் வரும். "பாடுறவன் கூரையிலேருந்து வெள்ளிக் கயித்துல இறங்குறான்டி!" "ஐயோ, கிடார்க்காரன் அழுவுறான்!" "நாய்டி! மேடையில ஒரு வெள்ளை நாய் படுத்திருக்கு! இவ்ளோ சத்தத்துலயும் தூங்குது பாரேன்!"

வெளியே வந்தால் பனி பெய்துகொண்டிருந்ததாம். காது இரைச்சலில் பனி விழுகிற சத்தமே கேட்கவில்லையாம். பனிக்கு ஏது சத்தம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கிழங்கு வறுபடும்போது சில நேரம் அந்த நாய் எனக்கே தெரியும்.

கார்லீன் "கேட்டேன்" என்று சொல்லவே மாட்டாள். "பார்த்தேன்" என்பாள். அதுதான் டுவேனுக்குப் பொறுக்காது. ஜீப் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, இங்கே பந்து உருட்ட வருகிறவன். அதே கச்சேரியை மேல்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன்.

"நாயும் இல்ல, பூனையும் இல்ல. நான் முழுசாப் பாத்தவன்."

"அன்னிக்கு நீ இருந்த இருப்புக்கு உன் காலையே நீ பாத்திருக்க மாட்டே."

இந்தச் சண்டை எங்களுக்குப் பழகிப்போன பாட்டு. போன புதன்கிழமை மத்தியானம் டுவேன் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தான். கோட்டுக்குள் சின்ன கேமராவை ஒளித்துக்கொண்டு போய் யாரோ அந்தக் கச்சேரியைப் படம் பிடித்திருக்கிறான். அது இப்போது இணையத்தில் ஏறி உலகத்துக்கே பொதுவாகிவிட்டது.

"மேடை முழுசும் தெரியுது தாயே. நாயை நீயே தேடிக் கண்டுபுடி, பாப்போம்!"

எனக்கு அவன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாயை எடுத்துவிட்டால் கார்லீனின் பதினாறு வயதில் என்ன மிச்சம் இருக்கும்? இருட்டும், இன்னொருத்தியின் இரண்டு முழங்கால்களும்தான்.

படம் ஓடுவதற்குள் கார்லீன் தன் அகலக் கையை அதன்மேல் வைத்து மூடினாள். "பெக் பாத்தா. எனக்கு அது போதும்."

ஒவ்வொரு புதனும் கிழங்கு தின்ன வருகிற பெக், அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கையில் எடுத்த துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

"நான் பாக்கலடி, கார்லீன்."

"எதை?"

"எதையுமே. கண்ணாடி இல்லாட்டி எனக்கு ரெண்டடிக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. கண்ணாடி போட்டுட்டுப் போனா எந்தப் பையன் திரும்பிப் பாப்பான்? லென்ஸ் மாட்டியிருக்கேன்னு சொன்னேனே, அதுவும் புளுகு. மேல ஏறினா கலர் கலரா வெளிச்சம், அவ்ளோதான். நீ கீழேருந்து 'என்னடி, என்னடி'ன்னு காலைப் புடிச்சு உலுக்குவே. தோள்ல ஏறி உக்காந்துகிட்டு ஒண்ணும் தெரியலன்னு எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்றது?"

"நாய்?"

"வெள்ளையா ஏதோ கிடந்துச்சு. வேர்வை துடைக்கிற துண்டா இருக்கும்."

டுவேனுக்குச் சிரிப்பு பாதி வந்து நின்றுவிட்டது. கார்லீன் தரையைப் பார்த்தபடி ஒரு காதை மேலே தூக்கியிருந்தாள். மூன்றாவது தடத்தில் பந்து உருண்டுபோய் கட்டைகளைச் சாய்த்தது. நான் அடுப்பைத் தணித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"உன் ஆட்டம் வந்துடுச்சு, போ" என்று போனை டுவேன் கையில் திணித்தாள். அவன் சத்தமில்லாமல் நகர்ந்தான். கார்லீன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து பெக்குக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் கடைசிப் பாட்டு வந்தப்ப கத்திக் கத்தி உனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அதுல என்ன நடந்துச்சுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப சொல்லு."

சொல்லிவிட்டு, பெக்கின் மூக்கிலிருந்த தடித்த கண்ணாடியை மெல்லக் கழற்றி, மடித்து, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.