நாற்றங்கால் கார்

நானும் அத்தாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காருக்குத் தேங்காய் எண்ணெய் தடவியது.

அத்தா பெயர் மீரா உசேன். வலங்கைமானில் முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டினார். நான் ஓசூரில் பெயின்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தேன். கும்பகோணம் சாலையில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். தாருக்கு மேல், டிராக்டர்கள் வயலிலிருந்து இழுத்து வந்த சேறு. இரண்டையும் அத்தா தன் வெள்ளைக் காரில் அப்பிக்கொண்டு வந்திருந்தார்.

"தலைக்கு வைக்கிறத வண்டிக்கு வைக்கிறீங்களே அத்தா. நான் லேப்லேருந்து சால்வென்ட் கொண்டாந்திருக்கேன்."

"உன் சால்வென்ட்டு தாரையும் எடுக்கும், பெயின்ட்டையும் எடுக்கும். இது தாரை மட்டும் கெஞ்சிக் கூட்டிக்கிட்டு வரும்."

வேதியியல்படி அவர் சொன்னது பாதி சரி. எண்ணெயில் தார் இளகும், நேரம்தான் பிடிக்கும். "பாதி சரி" என்றேன்.

"மீதிப் பாதிக்கு நீ இன்னும் படிக்கணும்."

சேற்றை அவர் தேய்க்க விடமாட்டார். அதில் மணல் இருக்கும், பெயின்டைக் கீறிவிடும். ஈரச் சாக்கைப் போர்த்தி ஊறவைத்து, பிறகு தண்ணீர் விடுவார். சாக்குகள் அடுத்த தெரு விவசாயி மருதையன் மாமா கொடுப்பவை. விதைநெல் ஊறப்போட்ட சாக்குகள். அதில்தான் வம்பு.

மூன்று வருடம் முன்பு அத்தா சாக்கை உதறாமல் பானெட்டில் போட்டுவிட்டார். ஒட்டியிருந்த நெல், முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இடுக்கில் இறங்கியது. ஒரு வாரத்தில் பச்சையாக ஒரு வரிசை. அதைக் கவனிக்காமல் தஞ்சாவூர் வரை சவாரி போய் வந்தார்.

"என்ன மச்சான், குறுவையா சம்பாவா?" என்று மருதையன் மாமா கடைத்தெருவில் சத்தமாகக் கேட்டார்.

"உன் வயலுக்குத் தண்ணி வரல. என் வண்டிக்கு வருது. பொறாமைப்படாத."

அன்றிலிருந்து ஊரில் அவர் நாற்றங்கால் பாய். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

அதனால் இந்த முறை நான் கேட்டேன்: "சாக்கை உதறினீங்களா?"

"உதறிட்டேம்மா" என்றார், டயரைப் பார்த்துக்கொண்டு.

அவசரத்துக்குக் காரணம் பிரகதீஸ்வரியின் கல்யாணம். மருதையன் மாமாவின் ஒரே பெண். பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தது அத்தாவின் பழைய கார். மண்டபத்துக்கும் தன் காரில்தான் போகவேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவைத்தார். இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனாலும் தாரை விட்டால் இறுகிவிடும் என்றார்.

இடது பக்கம் முடித்தோம். வலது பக்கத்துக்கும் பானெட்டுக்கும் சாக்கைப் போர்த்தினோம். "மத்தத நாளைக்குப் பாப்போம்."

திங்கட்கிழமை முழுவதும் சவாரி இல்லை, மழை. செவ்வாய் விடியற்காலை நெஞ்சுவலி. கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

சாக்குகளை யாரும் எடுக்கவில்லை. ஏழு நாள் கழித்து மருதையன் மாமா வாசலில் வந்து நின்றார். உட்காரவில்லை.

"நாளைக்குப் பொண்ணழைப்பு. கும்பகோணத்துல வேற வண்டி சொல்லிக்கிறேம்மா. நீங்க இருக்கிற இருப்புல..."

"வேணாம் மாமா. நான் ஓட்டுறேன். ஒரு பக்கந்தான் பாக்கி."

அவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாக்குகளை எடுத்தேன். கண்ணாடிக்குக் கீழே, இடுக்கு முழுக்க, வெளிறிய மஞ்சளில் ஒரு விரல் உயரத்துக்கு நாற்று.

உதறவே இல்லை.

மாமா பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"கல்யாணப் பாலிகைக்கு முளை விட இனிமே நாள் பத்தாதுன்னு என் வீட்டுக்காரி புலம்பிக்கிட்டிருக்கா. இவன் பாரு, சீரோட முளையும் விட்டு வச்சிருக்கான். பிடுங்கிடாதம்மா."

"பிடுங்கல மாமா. ஆனா வைப்பர் போட முடியாது."

"மழை பெஞ்சா?"

"நீங்க முன்னாடி உக்காந்து துடைங்க."

வலது பக்கக் கதவுகளுக்கு எண்ணெய் தடவியாகிவிட்டது. தார் இன்னும் கிளம்பவில்லை. சால்வென்ட் பாட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, திறக்கவில்லை. நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண்ணை ஏற்றவேண்டும்.